'லைக்' வந்தாலே சிமிலியா?

கேள்வி: மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். பத்தாவது வரை தமிழ் வழி. ஆங்கிலச் செய்யுளில் 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' (அணி) கேட்டால் கைடில் உள்ளதை மனப்பாடமாக எழுதிவிடுகிறாள். தெரியாத வரியைக் கொடுத்தால், 'லைக்', 'ஆஸ்' இருந்தால் சிமிலி (உவமை), இல்லாவிட்டால் மெட்டஃபர் (உருவகம்) என்கிறாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுக்க ஆசை. எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும். அவளை எப்படிப் பழக்குவது?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் மகளைக் குறை சொல்ல முடியாது. கைடுகள் அப்படித்தான் சொல்லித்தருகின்றன. அடையாளச் சொல்லைத் தேடும் வேலையை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வரியைப் படித்ததும் அவள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் சொல்லியிருப்பது உள்ளபடியே உண்மையா?

'ஷீ சிங்ஸ் லைக் ஹெர் மதர்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'லைக்' இருக்கிறது. ஆனால் தாயும் பாடுகிறவள், மகளும் பாடுகிறவள். ஒரே இனத்தில் இரண்டு பேரை ஒப்பிட்டதில் அணி ஏதும் இல்லை. 'ஷீ சிங்ஸ் லைக் எ நைட்டிங்கேல்' என்றால் பெண்ணை வேறு இனமான பறவையோடு சேர்க்கிறோம். அதுதான் சிமிலி. 'ஆஸ் ஸூன் ஆஸ்' என்பது வெறும் இணைப்பு. 'ஐ லைக் காஃபி'யில் வரும் 'லைக்' வினைச்சொல். பதற்றத்தில் இவற்றையும் சிமிலி என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு.

பயிற்சிக்கு வெளியே போக வேண்டாம். அவள் பாடநூலில் உள்ள 'ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' போதும். ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில், இரண்டாம் அங்கம் ஏழாம் காட்சியில், ஜேக்விஸ் என்ற பாத்திரம் பேசும் பகுதி இது. முப்பது வரிகூட இல்லை, ஆனால் தேர்வுக்கு வேண்டியதில் பாதி அதற்குள் கிடக்கிறது. உலகம் முழுவதும் ஒரு மேடை என்று தொடங்குகிறது. உலகம் மேடை இல்லை. 'போல' என்றும் சொல்லவில்லை. மேடையே என்கிறார். ஆகவே மெட்டஃபர், நம் உருவகம். பிள்ளைகள் இதோடு நின்றுவிடுகிறார்கள். மேலே படித்தால் மனிதர்கள் நடிகர்கள், பிறப்பும் இறப்பும் மேடைக்கு வருவதும் போவதும், வாழ்க்கையின் ஏழு பருவங்கள் ஏழு அங்கங்கள், முதுமை கடைசிக் காட்சி. ஒரே உருவகம் கடைசி வரை ஓடுகிறது. 'எக்ஸ்டெண்டட் மெட்டஃபர்' என்பது இதைத்தான்.

நடுவில் பள்ளிக்கூடம் போக மனமில்லாத சிறுவன் நத்தையைப் போல ஊர்கிறான், காதலன் உலையைப் போலப் பெருமூச்சு விடுகிறான். இரண்டும் சிமிலி. போர்வீரன் வரும்போது கவனம் தேவை. அவன் தாடி சிறுத்தையுடையதைப் போல இருப்பது சிமிலி. அவன் தேடும் 'பபிள் ரெப்யுட்டேஷன்' என்ற இரண்டு சொல்லில் புகழே நீர்க்குமிழி ஆகிறது. அங்கே 'லைக்' இல்லை, 'இஸ்' கூட இல்லை. மெட்டஃபர் இப்படிப் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் கண்ணில் படாமல் போகிறது.

கடைசி வரியில் 'ஸான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் நான்கு முறை வருகிறது. பல் இல்லை, கண் இல்லை, சுவை இல்லை, எதுவுமே இல்லை. கிழவருக்குப் பல் இல்லை என்பது உண்மைதானே? பொருளில் வளைவு எதுவும் இல்லை. இங்கே சொற்களை அடுக்கிய விதம்தான் வேலை செய்கிறது. ஆகவே இரண்டாவது கேள்வி: வளைந்திருப்பது பொருளா, அல்லது அடுக்கும் ஓசையும் மட்டும்தானா? இந்த இரண்டு கேள்விகளிலேயே பாதிக் குழப்பம் தீரும்.

மேடைப் பேச்சுகளில் அடுக்குதான் அதிகம். 1940 ஜூன் 4 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில் 'வீ ஷல் ஃபைட்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தொடங்கியது அனாஃபொரா. 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் 'பீப்பிள்' என்ற சொல்லில் தொடரை மூன்று முறை முடித்தது எபிஸ்ட்ரஃபி. நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேள் என 1961இல் கென்னடி சொற்களைத் திருப்பிப் போட்டது கயாஸ்மஸ். ப்ளஸ் டூவுக்கு அனாஃபொரா தெரிந்தால் போதும். மற்றவை கல்லூரியில் வரும்.

தமிழ் வழியில் படித்தது அவளுக்குப் பலம்தான், ஓரிரு இடம் தவிர. அலிட்டரேஷன் என்பது அருகருகே வரும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது. அதை மோனை என்று எண்ணினால் கண் எழுத்தைத் தேடும். ஆங்கிலத்தில் எழுத்து கணக்கில்லை, ஒலிதான் கணக்கு. 'நைட்' (வீரன்), 'நெயில்' என்ற சொற்களில் முன்னதைக் 'கே' எழுத்தில் தொடங்கி எழுதினாலும் அலிட்டரேஷன் உண்டு. 'சிட்டி', 'கேட்' (பூனை) இரண்டும் 'சி' எழுத்தில் தொடங்கினாலும் இல்லை. கோல்ரிட்ஜின் 'தி ஃபரோ ஃபாலோட் ஃப்ரீ' வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், காதே சொல்லிவிடும். வரிக் கடைசியில் ஒலி ஒன்றிவரும் ரைமுக்கு இணை எதுகை அல்ல, இயைபு.

பர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்றம் என்று சில ஆசிரியர்கள் சொல்லித்தருவதும் அரைகுறைதான். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவதை, கோவலனையும் கண்ணகியையும் வர வேண்டாம் என்று கைகாட்டித் தடுப்பதாக இளங்கோ சொல்கிறார். தற்குறிப்பேற்றத்தில் இப்படி இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தம் குறிப்பிலிருந்து ஒரு காரணம் ஏற்ற வேண்டும். பர்சானிஃபிகேஷனுக்கு அது தேவையில்லை. டென்னிசனின் 'யுலிசிஸ்' கவிதையில் நிலா மெல்ல ஏறுகிறது, கடல் பல குரலில் முனகுகிறது. ஏன் என்று அவர் சொல்வதில்லை. உயிரில்லாதது ஆள் போல நடந்துகொண்டால் போதும்.

அதே பாடநூலில் உள்ள தோரு தத்தின் 'அவர் கேஷுவரினா ட்ரீ'யில் இரண்டும் சந்திக்கின்றன. 1877இல் 21 வயதிலேயே இறந்துபோன வங்கப் பெண் அவர். மரத்திலிருந்து வரும் ஓசை, கூழாங்கல் கரையில் அலை மோதுவது போல இருக்கிறது என்கிறார்: சிமிலி. அது மரத்தின் புலம்பல் என்கிறார்: பர்சானிஃபிகேஷன். இறந்துபோன தோழர்களுக்காக மரம் அழுவதாக அவர் கேட்பதால் தற்குறிப்பேற்றம் என்றாலும் தப்பில்லை. ஆகவே வினாத்தாளில் எந்தப் பகுதியைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் விடை எழுதக் கூடாது.

மெட்டானிமி, சினெக்டகி என்ற இரட்டையர்களைக் கண்டால் ஆங்கில வழிப் பிள்ளைகளும் மிரளுவார்கள். ஆகுபெயர் படித்தவளுக்கு இது எளிது. 'வெற்றிலை நட்டான்' என்பதில் உறுப்பின் பெயர் முழுக் கொடிக்கு ஆகிறது, அது சினெக்டகி. 'ஊர் சிரித்தது' என்பதில் இடத்தின் பெயர் மக்களுக்கு ஆகிறது, அது மெட்டானிமி. 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்று மாலுமிகள் எல்லாரையும் கப்பல் தளத்துக்கு அழைத்தால், கைகள் மாலுமியின் உடம்பில் ஒரு பகுதி, ஆகவே சினெக்டகி. 1839இல் லிட்டன் நாடகத்தில் வந்த 'பேனா வாளைவிட வலியது' என்பதில் பேனா எழுத்தாளனின் உறுப்பு இல்லை, ஆகவே மெட்டானிமி.

ஆக்ஸிமோரான் பக்கத்தில் பக்கத்தில் முட்டிக்கொள்ளும் இரண்டு சொல், 'ஸ்வீட் ஸாரோ' (இனிய துயரம்) மாதிரி. மிகைப்படுத்தலுக்கு ஹைபர்போலி. 'ஹைப்பர்போல்' என்று உச்சரிக்க வேண்டாம், நேர்முகத்தில் மானம் போகும்.

உண்மையில் கடினமானது ஐரனி, சொல்வது ஒன்று, உள்ளே பொருள் வேறு. அதற்கு அடையாளச் சொல்லே கிடையாது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆன்டனி, ப்ரூட்டஸ் கண்ணியமானவர் என்று முதல்முறை சொல்லும்போது மரியாதையாகவே கேட்கிறது. சீசரின் நல்ல செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அதே வரியைத் திரும்பத் திரும்பப் போடப் போட அர்த்தம் தலைகீழாகிறது. வஞ்சப்புகழ்ச்சி என்று அவளிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வாள். ஒற்றை வரியை வைத்து ஐரனியைத் தீர்மானிக்கக் கூடாது, முன்னும் பின்னும் படிக்க வேண்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும் என்பது இங்கே தடையே இல்லை. தினம் ஒரு வரியை அவளையே தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 'எதை எதுவாகச் சொல்லியிருக்கிறார்?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்துவிட்டால் அணியின் பெயர் தானாக வரும். வராவிட்டால், பெயரை மனப்பாடம் செய்து பயனில்லை. செய்யுள் அலுத்தால் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கம் நல்ல களம். அங்கே தலைப்புகளில் மெட்டஃபரும் ஹைபர்போலியும் குவிந்திருக்கும்.

தேர்வில் பெயரை எழுதியதோடு நிற்காமல், எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று ஒரு வரி சேர்க்கட்டும். மெட்டஃபரா பர்சானிஃபிகேஷனா என்ற சந்தேகம் வந்தால் குறுகலான பெயரையே எழுதலாம். எல்லா பர்சானிஃபிகேஷனும் ஒருவகை மெட்டஃபர்தான், மறுபக்கம் அப்படி இல்லை. அகராதி வகைப் புத்தகங்களுக்கு இப்போதே செலவு செய்யாதீர்கள். இலக்கிய வகுப்பில் சேர்ந்த பிறகு எம். எச். ஆப்ரம்ஸ் எழுதிய 'எ க்ளாசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்' தேவைப்படும். 1957இல் முதலில் வந்த நூல் அது. பின்னால் பல பதிப்புகள் வந்துவிட்டதால் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் பதிப்பே போதும்.