பீரோவுக்குள் ஒரு ஏரி

அன்புள்ள சார்,

எங்கள் ஊரில் ஒரு பெரிய ஏரி, அதையொட்டி ஆடுமாடு மேய விட்ட பொதுநிலம், மேய்க்கால் புறம்போக்கு. மேய்க்காலில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, மிச்சத்தில் ஆளாளுக்கு வேலி போட்டுக்கொண்டே வருகிறார்கள். இதைக் காப்பாற்ற இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் போன வருடம் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இப்போது என்னைத் தலைவராக இருக்கச் சொல்கிறார்கள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், படிப்பு பத்தாவதுதான். 'எந்தக் கட்சியிலும் இல்லாத ஆள் நீங்கள்தான் அக்கா' என்கிறார்கள். வேலி போட்டவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். சம்பளம் இல்லை, பகை மட்டும் நிச்சயம், உனக்கு எதற்கு இது என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே,

ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று வருடத்துக்கு மட்டும். அதையும் ஒத்துக்கொள்கிற அன்றைக்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் ஏரிச் சங்கத்துக்கு நான் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன். பாஸ்புக், ரசீதுக் கட்டு, தீர்மானப் புத்தகம், தாலுகா ஆபீசில் கொடுத்த மனுக்களின் நகல், எல்லாமே என் பீரோவில்தான். யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நான் இல்லாவிட்டால் இந்த ஏரி இல்லை என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு, வெளியே சொன்னதில்லை. அப்புறம் ஒரு பங்குனியில் மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் படுத்துவிட்டேன். நில அளவர் ஏரியை அளக்க வருவதாகச் சொல்லியிருந்த தேதி என் டைரியில் மட்டும்தான் இருந்தது. அவர் வந்தார், கரையில் ஒரு ஆள் இல்லை, திரும்பிப் போய்விட்டார். மறுபடி தேதி வாங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் வடக்குக் கரையில் இன்னொரு வேலி முளைத்திருந்தது. அந்த வேலியை நான் போட்ட மாதிரிதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்று வருடம் என்பது நானாகச் சொல்கிற கணக்கு இல்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமே நிர்வாகக் குழுவின் காலம் அதற்கு மேல் போகக்கூடாது என்கிறது. மறுபடியும் தேர்ந்தெடுக்கலாம் என்று இருப்பதால் என்னைப் போன்றவர்கள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறோம். சங்கம் பதிவாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, முதலில் அதைக் கேளுங்கள்.

நிலத்தைக் காப்பது என்றவுடன் ஜேசிபியும் மரக்கன்றும் போட்டோவும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கருவேலம் வெட்ட ஐம்பது பேர் வருவார்கள், திங்கட்கிழமை வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வர ஒருவர் கிடைக்கமாட்டார். உங்கள் வேலை அந்தத் திங்கட்கிழமை வேலை. மேய்க்காலின் சர்வே எண் என்ன, ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது இன்னும் மேய்க்கால் என்றுதான் இருக்கிறதா, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் எல்லை எந்தக் கல்லில் தொடங்கி எங்கே திரும்புகிறது, இதையெல்லாம் முதலில் கையில் வாங்குங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. படிப்பு பத்தாவதுதான் என்று தயங்கவேண்டாம், துணி அளக்கத் தெரிந்தவருக்குப் புலப்படம் ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் மேலூர் வட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டு போனதும், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க விட்டிருந்த சுரங்க ஏலத்தை அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ரத்து செய்ததும்தான் செய்தியில் வந்தது. ஆனால் அதற்குப் பத்து வருடத்துக்கும் மேலாக முன்பே அந்த ஊர்க்காரர்கள் கழிஞ்சமலையில் கிரானைட் குவாரி வராமல் நிறுத்தியிருந்தார்கள். குடைவரைக் கோயிலும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாறைகளில் வாழும் வல்லூறும் தங்கள் மலையில் இருப்பதைப் பதிவுசெய்ய வைத்தார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பக்கம் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு அது வெறும் அரசாணைதான், டங்ஸ்டன் ஏலம் என்ற பேச்சே அந்தப் பக்கம் கிடையாது. ஏலத்தை ரத்து செய்தபோது டெல்லி சொன்ன காரணங்களில் இந்தத் தலமும் ஒன்று. கூட்டம் மட்டும் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது, காகிதம் மட்டும் இருந்திருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் ஊரில் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேய்க்காலை அளந்து கல் நடவேண்டும் என்று ஒரு தீர்மானம் போடவையுங்கள், தீர்மான எண்ணோடு நகல் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்கச் சொல்லி 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது, மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள். வாங்குகிற ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நகல், மூன்று வேறு வீடுகளில். அந்த இளைஞர்களில் பொறுமையான ஒரு பெண்ணோ பையனோ இருப்பார்கள் (சத்தமாகப் பேசுகிறவர் வேண்டாம்), ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது வருடத்தில் அவர் போகட்டும், நீங்கள் கூடப் போங்கள்.

சரி, பெரியப்பா மகன் விஷயம். கட்சி இல்லாத ஆள் என்பதால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். சொந்தக்காரரை விட்டுவிட்டு மற்றவர்கள் வேலியைக் கேட்டீர்கள் என்றால் அந்தப் பேர் ஒரே நாளில் போய்விடும். அவரை மட்டும் கேட்டால் குடும்பத்தில் இருக்கமுடியாது. அதனால் மனுவில் யார் பெயரும் வேண்டாம். இன்ன சர்வே எண்ணை முழுவதும் அளந்து தரவும், அவ்வளவுதான். வேலி உள்ளே வருகிறதா வெளியே வருகிறதா என்பதை அளவுச் சங்கிலி சொல்லட்டும்.

ஆனால் மனு கொடுப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒரு முறை போய்வாருங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. அளக்கப்போகிறோம் அண்ணே, நம் பக்கம் இருந்தே ஆரம்பிக்கச் சொல்லப்போகிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கத்துவார். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.