ஃபார்முலா சரி, விடை மட்டும் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

(ஃபங்ஷன் பெயர்களையும் செல் பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.)

கேள்வி: எக்ஸெலில் =சம்(பி2:பி20) என்று அடித்து என்டர் தட்டினால், கூட்டுத்தொகைக்குப் பதில் அடித்த வரியே அப்படியே நிற்கிறது. ஏன்?

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள். அந்த ஒரு செல் மட்டும் இப்படி நிற்கிறதா, ஷீட் முழுவதுமா? ஷீட் முழுவதும் என்றால், ஃபார்முலாக்களைக் காட்டும் பார்வை தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, டேப் விசைக்கு மேலே 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டுங்கள், விடைகள் திரும்பிவிடும்.

ஒரு செல்லோ ஒரு காலமோ (மேலிருந்து கீழாகச் செல்லும் நெடுவரிசை) மட்டும் என்றால், அதன் ஃபார்மேட் 'டெக்ஸ்ட்' ஆக இருக்கும். அதை 'ஜெனரல்' என்று மாற்றினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. ஃபார்மேட் மாறினாலும் உள்ளே இருப்பது பழைய எழுத்துதான். மாற்றிய பிறகு செல்லில் எஃப்2 தட்டி, என்டர் கொடுத்தால்தான் எக்ஸெல் அதைப் புதிதாகப் படிக்கும். நூற்றுக்கணக்கான செல்கள் இருந்தால் காலத்தைத் தேர்ந்தெடுத்து ஜெனரல் ஆக்கிவிட்டு, கன்ட்ரோல் எச் திறந்து, தேடும் கட்டத்தில் =, மாற்றும் கட்டத்திலும் = இட்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். எல்லாம் ஒரே அடியில் உயிர்பெறும்.

சமக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளியோ ஒற்றை மேற்கோள் குறியோ இருந்தாலும் இதே கதைதான். ஷீட்டுக்கு மேலே உள்ள ஃபார்முலா பாரில் பார்த்து நீக்குங்கள்.

கேள்வி: காலம் முழுக்க எண்கள் தெரிகின்றன. சம் போட்டால் 0 வருகிறது. ஆனால் =ஏ2+ஏ3 என்றால் சரியாகக் கூட்டுகிறது. எக்ஸெலில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. கண்ணுக்கு எண்ணாகத் தெரிவது உள்ளே எழுத்தாக இருக்கிறது. கூட்டல் குறி, எழுத்தாக உள்ள எண்ணையும் எண்ணாக மாற்றிக் கூட்டிவிடும். சம் அப்படியல்ல: ஒரு ரேஞ்சில் (பி2:பி20 போன்ற செல் தொகுப்பில்) எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். எல்லாமே எழுத்தாக இருந்தால் 0 வருவதால் உடனே தெரிந்துவிடும். நாற்பதில் மூன்று மட்டும் எழுத்தாக இருந்தால்தான் ஆபத்து. நம்பும்படியான ஒரு தப்பான தொகை வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எனவே திருத்தும் முன் சோதியுங்கள். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் வலது கிளிக் செய்து 'கவுண்ட்', 'நியூமரிக்கல் கவுண்ட்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். தலைப்பை விட்டுவிட்டு எண்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். கவுண்ட் 40, நியூமரிக்கல் கவுண்ட் 37 என்று காட்டினால், மூன்று செல்கள் எழுத்து. வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு விரைவாக உண்மையைச் சொல்லாது.

திருத்த, காலத்தை ஜெனரல் ஆக்கி, டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து, எதையும் மாற்றாமல் 'ஃபினிஷ்' கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காலம்தான் எடுக்கும். 1-ஐக் காப்பி செய்து 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகப் பெருக்கும் முறையும் உண்டு. ஆனால் அது காலிச் செல்களை 0 ஆக்கிவிடும். பிறகு சராசரி குறைந்து போகும். அடையாள எண்கள் உள்ள காலத்தில் இரண்டையுமே செய்யாதீர்கள். முன்னால் உள்ள பூஜ்யம் உதிரும். 15 இலக்கத்துக்கு மேற்பட்டவையும் 0 ஆகிவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய எண்ணாக இருக்கலாம். அதோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். வேண்டாத இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஃபங்ஷனுக்கு அது அகப்படாது. செல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் =லென்(ஏ2) போட்டு, நான்கு இலக்க எண்ணுக்கு 5 வந்தால் அதுதான். எஃப்2 தட்டி, கடைசி இலக்கத்துக்குப் பின் உள்ள அந்த வெற்றிடத்தை மட்டும் ஷிஃப்டும் அம்பு விசையும் கொண்டு தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, எஸ்கேப் கொடுங்கள். அந்தக் காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் எச் கட்டத்தில் ஒட்டி, மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள்.

உங்கள் எண்களே ஃபார்முலாவிலிருந்து வருகின்றனவா? =இஃப்(பி2>50,"1","0") என்று எழுதியிருந்தால் மேற்கோளுக்குள் உள்ள 1 எழுத்துதான். மேற்கோளை எடுத்துவிட்டால் முடிந்தது.

கேள்வி: எண்ணை மாற்றினாலும் மொத்தம் பழையதாகவே இருக்கிறது. சேவ் செய்தால் மட்டும் மாறுகிறது.

பதில்: கணக்கிடும் முறை 'மேனுவல்' ஆகிவிட்டது. ஃபார்முலாஸ் மெனுவில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' சென்று 'ஆட்டோமேட்டிக்' தேர்ந்தெடுங்கள். மேனுவலில் இருந்தாலும் சேவ் செய்யும் முன் ஒருமுறை கணக்கிடும்படி வழக்கமாக அமைந்திருப்பதால்தான் அப்போது மட்டும் மாறுகிறது.

நீங்கள் மாற்றவே இல்லை என்றாலும் இது நடக்கும். எக்ஸெலைத் திறந்ததும் முதலில் திறக்கும் ஃபைல் எந்த முறையில் சேவ் ஆனதோ, அதுவே எக்ஸெலை மூடும்வரை திறக்கும் மற்ற ஃபைல்களுக்கும் பொருந்தும். பெரிய ஃபைல் இழுக்கிறதே என்று ஒருவர் மேனுவலில் வைத்து அனுப்பியிருப்பார். அதை முதலில் திறந்துவிட்டு உங்கள் ஃபைலைச் சேவ் செய்தால், உங்கள் ஃபைலிலும் மேனுவல் பதிந்துவிடும். தொற்று போலப் பரவுவது இப்படித்தான்.

மேனுவலிலேயே வேலை செய்ய வேண்டியிருந்தால் எஃப்9 திறந்துள்ள எல்லா ஃபைல்களையும், ஷிஃப்ட் எஃப்9 அந்த ஷீட்டை மட்டும் கணக்கிடும். எக்ஸெலுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸில் இதே அமைப்பு டேட்டா, கால்குலேட், ஆட்டோகால்குலேட் என்ற வரிசையில் இருக்கிறது.

கேள்வி: தினமும் 8:30 மணி நேரம் வீதம் நான்கு நாள் வேலை. கூட்டினால் 34:00 வராமல் 10:00 வருகிறது.

பதில்: கூட்டல் சரி, காட்டும் விதம்தான் தவறு. எக்ஸெலுக்கு ஒரு நாள் என்பது 1. முழு நாளான 24 மணியைக் கழித்து மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. 'ஃபார்மேட் செல்ஸ்' திறந்து, 'டைம்' பட்டியலில் 37:30:55 என்ற மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். தசமத்தில் 34 என்றே வேண்டுமானால் தொகையை 24-ஆல் பெருக்கி, ஃபார்மேட்டை 'நம்பர்' ஆக்குங்கள்.

கேள்வி: ஏதோ எச்சரிக்கை வந்தது, ஓகே கொடுத்தேன். அதிலிருந்து மொத்தம் 0 காட்டுகிறது.

பதில்: ஃபார்முலா தன்னையே கூட்டிக்கொள்கிறது. பி21-ல் =சம்(பி2:பி21) என்று இருந்தால் இப்படித்தான் ஆகும்; பி20 என்று திருத்துங்கள். எந்தச் செல் என்று தெரியாவிட்டால், ஃபார்முலாஸ் மெனுவில் 'எரர் செக்கிங்' அருகே உள்ள அம்பை விரித்து 'சர்க்குலர் ரெஃபரன்ஸஸ்' மேல் வையுங்கள், செல்லின் பெயரைக் காட்டும். எச்சரிக்கை வராமலிருக்க 'இட்டரேட்டிவ் கால்குலேஷன்' (திரும்பத் திரும்பக் கணக்கிடும் அமைப்பு) ஆன் செய்யச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். எச்சரிக்கைதான் நிற்கும், தப்பு உள்ளேயே இருந்து, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் தொகை தானாக ஏறிக்கொண்டே போகும்.