திறந்த டெட்ரா பேக் பால் ஆறு நாளில் கெட்டுப்போனது பற்றி

திறந்து வைத்த டெட்ரா பேக் பால் ஆறு நாளில் கெட்டுவிட்டது, டெட்ரா பேக் கம்பெனிக்குப் புகார் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, சரி, ஆனால் அந்தத் தேதி திறக்காத பெட்டிக்கு மட்டும்தான். திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும், ஆறு நாள் ரொம்ப அதிகம்.

பிரிசர்வேட்டிவ் போட்டும் ஏன் கெட்டது என்கிறீர்கள், அப்படி எதுவும் அதில் போடுவதில்லை. பாலை 135 டிகிரிக்கு மேல் சில நொடி சூடாக்கி, உடனே ஆறவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் கிருமி நீக்கிய அட்டையில் காற்றுப் படாமல் அடைக்கிறார்கள். நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தாள் வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கிறது. மூடியைத் திருகியதும் அந்தப் பாதுகாப்பெல்லாம் போயிற்று. புளிக்க வைக்கும் பாக்டீரியா சூட்டிலேயே செத்துவிடுவதால் இந்தப் பால் பாக்கெட் பால் மாதிரி புளிப்பு வாடை காட்டாமலே கெடலாம், அதனால் மூக்கை நம்பாதீர்கள்.

அப்புறம், டெட்ரா பேக்குக்குப் புகார் எழுதி பலனில்லை. 1951இல் சுவீடனின் லுண்ட் நகரில் தொடங்கிய அந்தக் கம்பெனி விற்பது அட்டையும் இயந்திரமும்தான், பால் அவர்களுடையதில்லை. திறக்காத பெட்டி உப்பியிருந்தால் பால் கம்பெனிக்கு பேட்ச் எண்ணோடு எழுதுங்கள்.