லாரி உரிமையாளர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் (38) இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் பைக்கில் வந்தபோது பின்னால் வந்த லாரி மோதி இறந்துவிட்டார். எனக்கு இரண்டு குழந்தைகள். மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார். லாரி உரிமையாளர் 2 லட்சம் ரூபாய் தருகிறாராம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று நாங்கள் எழுதித் தர வேண்டுமாம். போலீஸ் வழக்கு முடியட்டும் என்கிறார் கணவரின் அண்ணன். ஒரு வழக்கறிஞர் கிடைக்கும் தொகையில் கால் பங்கு கேட்கிறார். கணவரின் வருமானத்துக்குச் சான்று எதுவும் இல்லை. மாமியாரை மனுவில் சேர்க்க வேண்டாம் என்கிறார்கள் என் பிறந்த வீட்டார். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே கண்டுபிடிக்க முடியாத விபத்துகளில்கூட, இறந்தவரின் குடும்பத்துக்கு அரசின் திட்டத்தில் 2 லட்சம் கிடைக்கிறது. வண்டி தெரிந்த விபத்தில், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு இடம் தருகிறது. உரிமையாளர் காட்டும் தாராளத்தின் அளவு இப்போது புரிந்திருக்கும். லாரிக்குக் காப்பீடு இருந்தால் பணம் தரப்போவது காப்பீட்டு நிறுவனம்தான். அப்படியும் அவர் அவசரப்படுகிறார் என்றால், காப்பீடு காலாவதியாகிவிட்டதா, ஓட்டுநருக்கு உரிமம் இருந்ததா என்று விசாரியுங்கள்.

நீங்கள் போக வேண்டியது 166-ஆவது பிரிவின் கீழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இதற்கான கெடு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். நான்கு போய்விட்டது. ஆகவே கணவரின் அண்ணன் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். போலீஸ் வழக்கு ஓட்டுநரைத் தண்டிப்பதற்கு. அதை அரசு நடத்துகிறது, நீங்கள் சமாதானமாகி முடித்துக்கொள்ளவும் முடியாது. இழப்பீட்டு வழக்கு வேறு தடம். குற்ற வழக்கில் தேவைப்படும் அளவுக்கு இங்கே நிரூபிக்கத் தேவையில்லை. நாளை ஓட்டுநர் விடுதலையானாலும் அந்த ஒரு காரணத்துக்காக உங்கள் மனு தள்ளுபடியாகிவிடாது.

எவ்வளவு கிடைக்கும்? உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வழங்கிய தீர்ப்புகள் இதற்குக் கணக்கு வகுத்திருக்கின்றன. உங்கள் கணவரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்த, 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவு என்று நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்கான பெருக்கல் எண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். இறுதிச் சடங்கு போன்றவற்றுக்கான தொகைகளும் வட்டியும் இதற்கு மேல். விபத்தில் அவர் பக்கமும் தவறு இருந்ததாக முடிவானால் அந்த விகிதத்துக்குக் குறையும். எல்.ஐ.சி. பாலிசிப் பணம் ஏதாவது வந்திருந்தால் அதை இதில் கழிக்க மாட்டார்கள்.

வருமானச் சான்று இல்லாததால் வழக்கு விழாது. கடை வாடகை ரசீது, உதிரிபாகம் வாங்கிய பில்கள், வங்கிப் பாஸ்புக், பள்ளிக் கட்டண ரசீது, வழக்கமாக வந்த ஓரிரு வாடிக்கையாளர்களின் சாட்சியம் எல்லாமே உதவும். இவற்றோடு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், லாரியின் காப்பீட்டு விவரம் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள்.

கால் பங்கு கேட்கும் வழக்கறிஞரை விட்டு விலகுங்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. பெண் என்ற ஒரே தகுதி போதும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு இந்த வாரமே போங்கள். பின்னர் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், மேலே உள்ள கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.

மாமியார் விஷயத்தில் உங்கள் பிறந்த வீட்டார் சொல்வது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை. மகனை நம்பியிருந்த தாய்க்கு இழப்பீட்டில் உரிமை உண்டு. அவரை மறைத்துப் போட்ட மனுவைக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதல் விசாரணையிலேயே பிடித்துக்கொள்வார். அதோடு, நம்பியிருந்தவர்கள் மூன்று பேர் என்றால் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். நான்கு பேர் என்றால்தான் நான்கில் ஒரு பங்கு. அவரை விட்டுவிட்டால் அதே கணக்கு 25,20,000 ரூபாயில் நின்றுவிடும்.