பழைய டேனரி நிலத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி (வாசகர், ராணிப்பேட்டை): மூடிக்கிடந்த டேனரியை இடித்து மனை போடுகிறார்கள். மண் பரிசோதனையில் "மொத்த குரோமியம் கிலோவுக்கு 1,800 மில்லிகிராம்" என்று இருக்கிறது. டேனரி குரோமியம் ஆபத்தில்லாத வகை என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. தோல் பதனிடப் போடும் குரோமியம் சல்பேட், மூன்று இணைதிறன் வகை. மண்ணில் படிந்தபின் அது எளிதில் கரையாது. உடம்பிலும் அதிகம் ஏறாது. ஆறு இணைதிறன் வகையோ தண்ணீரோடு ஓடும். அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். "மொத்த குரோமியம்" என்ற எண் இரண்டையும் கூட்டிச் சொல்வதால், 1,800-ஐ மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டேனரியிலும் ஆறு இணைதிறன் வகை இருக்கலாம். குரோம் தோல் சீவலை எரித்த இடத்தில் அது உருவாகும். ஆறு இணைதிறன் குரோமிய உப்பு தயாரிக்கும் குரோமேட் ஆலையின் கழிவைக் கொண்டுவந்து பள்ளம் நிரப்பியிருந்தால் இன்னும் மோசம். உங்கள் ஊரிலேயே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்தது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் இதே வகைக் கழிவைக் கொட்டி மேடாக்கிக் கட்டடம் கட்டினார்கள். பிறகு நிலவறைச் சுவர்களில் மஞ்சள் படிகம் பூத்தது. கழிவு உப்பித் தரையைத் தூக்கியது. மழை விட்டு வெயில் அடித்த மறுநாள் உங்கள் மனையைப் போய்ப் பாருங்கள். மதில் அடியிலோ மண் மேலோ எலுமிச்சை மஞ்சளில் உப்புப் பூத்திருந்தால் அதைத் தொடாதீர்கள், அந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

ஆய்வகத்தில் "ஆறு இணைதிறன் குரோமியம், காரக் கரைசல் முறை" என்று எழுதிக் கேளுங்கள். அமிலத்தில் கரைத்தால் ஆறு மூன்றாக மாறி, அளவு குறைத்துக் காட்டும். மண்ணை 4 டிகிரி குளிரில் வைத்து 30 நாளுக்குள் பிரித்தெடுக்க வேண்டும். ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பு அந்த ஆய்வகத்துக்குக் கொடுத்த பட்டியலில் மண்ணுக்கான இந்தப் பரிசோதனை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எண் கையில் வந்ததும் கணக்கு எளிது. 15 கிலோ எடையுள்ள குழந்தை, கையை வாயில் வைத்தே ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கொள்கிறது. மண்ணில் கிலோவுக்கு 90 மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால், உள்ளே போவது நாளுக்கு 0.018 மில்லிகிராம். அதை எடையால் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.0012 மில்லிகிராம். அந்த முகமை 2024-இல் வைத்த எல்லை 0.0009, ஆக, இது எல்லையைத் தாண்டிவிட்டது. புற்றுநோய்க் கணக்கு தனி. அது இதைவிடக் கண்டிப்பானது.

கேள்வி (வாசகி, ஆம்பூர்): ஒரு ஏக்கருக்கு ஒரு சாம்பிள் போதும் என்கிறார்களே?

பதில்: போதவே போதாது. பெரும்பாலான தவறு ஆய்வகத்தில் நடப்பதில்லை, மண் எடுக்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. ஒன்பது இடத்து மண்ணை ஒரே வாளியில் கலந்து அனுப்புகிறார்கள். ஓர் இடத்தில் ஈயம் கிலோவுக்கு 900 மில்லிகிராம், மற்ற எட்டில் 20 என்றால் சராசரி 118 வரும். குடியிருப்பு நிலத்துக்குக் கனடா வைத்த எல்லை 140. அறிக்கை "பாஸ்", அந்த ஓர் இடத்தில் வீடு கட்டும் குடும்பத்துக்குத்தான் ஆபத்து.

15 மீட்டர் கட்டம் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 18 புள்ளி வரும். சுண்ணாம்புக் குழி, குரோம் டிரம் நின்ற தரை, கழிவுநீர் வாய்க்கால், ரசாயனக் கிடங்கு, சீவல் எரித்த மூலை ஆகியவற்றுக்குத் தனிப் புள்ளிகள் வேண்டும். இவை எங்கே இருந்தன என்று பட்டாவும் வில்லங்கச் சான்றும் சொல்லாது. அங்கே வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மேல் 15 சென்டிமீட்டர், அரை மீட்டர், ஒரு மீட்டர், அதற்குக் கீழே கலப்படமில்லாத இயற்கை மண் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மேல்மண் குழந்தைக்காக, ஆழம், அஸ்திவாரமும் செப்டிக் டேங்கும் தோண்டும்போது வெளியே வரப்போகும் மண்ணுக்காக. குரோமியம் பார்க்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி வேண்டாம், அதிலேயே குரோமியம் உண்டு. பிளாஸ்டிக் கரண்டியை ஒவ்வொரு புள்ளிக்கும் கழுவிப் பயன்படுத்துங்கள்.

கிணறு, போர் தண்ணீரையும் விடாதீர்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05, ஈயம் 0.01 மில்லிகிராம்.

கேள்வி (வாசகர், வேலூர்): பழைய பேட்டரியிலிருந்து ஈயம் உருக்கிய ஷெட் இருந்த இடத்தில் ஒரு அடி செம்மண் கொட்டியிருக்கிறார்கள். இது போதுமா?

பதில்: போதாது. முதல் தடவை குழாய்க்குப் பள்ளம் தோண்டினாலே அடிமண் மேலே வந்துவிடும். ஈயக் கழிவை அகற்றாமல் மூடுவதானால், அடியில் பளிச்சென்ற நிறத்தில் எச்சரிக்கைத் துணி விரித்து, மேலே குறைந்தது இரண்டு அடி சுத்த மண் போட்டு, எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று வரைபடம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1994 முதல் குடியிருப்பு மண்ணுக்கு ஈயம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று இருந்த எல்லையை 2024-இல் 200 ஆக்கினார்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை.

அங்கே ஏற்கெனவே விளையாடிய குழந்தைகள் இருந்தால் மண் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். விரல் நுனி ரத்தத்தில் கையிலுள்ள தூசியும் கலக்கும். நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே காரணத்தைத் தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இருக்கிறதே என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அது மனை அளவு, சாலை அகலம், பொது இடம் பற்றியது, மண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியது அல்ல. மாசுபட்ட இடங்களுக்கான மத்திய விதிகள் 2025 ஜூலையில் வந்துள்ளன. சந்தேகமுள்ள நிலத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.