பின்சீட்டில் உட்காருபவரைக் கேட்டு வண்டி வாங்குங்கள்

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வயது 41, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 78 கிலோ. பத்து வருடமாக 150 சிசி வண்டிதான். இனி மாதம் ஒருமுறை தனியாக ராமேஸ்வரம், மூணாறு என்று போய்வர ஆசை. மற்ற ஞாயிறுகளில் மனைவியோடு குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. அவருக்கு 62 கிலோ, கொஞ்சம் இடுப்புவலி உண்டு. கோயிலுக்கு என்றால் சேலைதான். கையில் மூன்று லட்சம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்கு என்கிறான் நண்பன். 350 சிசி வண்டி போதும் என்கிறார் மச்சான். இரண்டு வேலைக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வண்டி சொல்லுங்கள்.

பதில்: மச்சான் பேச்சைக் கேளுங்கள். நண்பர் சொன்னது மோசமான வண்டி இல்லை. நீங்கள் மட்டும் போவதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். தனியாக ஓட்டும்போது எந்த வண்டியையும் நாலு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். பின்னால் உட்காருகிறவர் பழகிக்கொள்வதில்லை, அடுத்த ஞாயிறு வரமாட்டேன் என்று சொல்லிவிடுவார். எனக்கே நடந்தது. பின்சீட் குட்டியாகத் தூக்கி நிற்கும் ஒரு வண்டியில் வீட்டம்மாவைக் குற்றாலம் கூட்டிப்போனேன். அருவியில் குளித்து முடித்ததும் அவர் நேராகத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். ஹெல்மெட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருப்பீர்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நடு சீட்காரர் லேசாக அசைவார், கடைசி சீட்காரர் எழுந்து உட்காருவார். பைக்கிலும் அதே கதைதான். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறார். பின்னால் இருப்பவர் கிட்டத்தட்டப் பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். குழியில் சக்கரம் விழுந்தால் அந்த அடி முழுவதும் அவர் இடுப்புக்குத்தான். அதனால் என்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் பின்சீட்டைப் பாருங்கள். அகலமா, தட்டையா, கால் வைக்கும் கம்பி முழங்காலை ரொம்ப மடக்க வைக்கிறதா, பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறதா, முதுகுக்குச் சாய்மானம் மாட்ட முடியுமா.

ஏறுவதும் இறங்குவதும் இன்னொரு விஷயம். ஹிமாலயன் 450-இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர், ஏற்றி வைத்தால் 845. உங்கள் உயரத்துக்கு இரண்டு காலும் முழுசாகத் தரையில் படாது. தனியாக இருக்கையில் முன்பாதம் ஊன்றிச் சமாளித்துவிடலாம். ஆனால் 62 கிலோ இடப்பக்கமாக ஏறும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், நீங்கள் நுனிக்காலில் நிற்பீர்கள். வண்டியே 196 கிலோ. பின்சீட் அதைவிட மேலே இருப்பதால் கால்கம்பியில் மிதித்துத்தான் ஏறவேண்டும். சேலையோடு அது நடக்கிற காரியமா? சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோதான், ஆனால் சீட் 835. அதற்கும் இதே பதில்தான்.

சேலை பற்றி இன்னொரு வார்த்தை. கோயில் இருக்கும் தெருவரைக்கும் ஒருபக்கமாக உட்கார்ந்து வரலாம், திருச்செந்தூர் வரைக்கும் வேண்டாம். எடை முழுவதும் ஒரு பக்கம் சாயும், அவருக்கும் இடுப்பு முறுகும். சுடிதாரில் வரச்சொல்லி, சேலையைப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்றிக்கொள்ளட்டும். சைடு பாக்ஸ் மாட்டுகிறேன் என்று, துணி பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்க்கிறேன். பின்னால் ஆள் ஏற்றும் வண்டியில் கைப்பிடி, கால்கம்பி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத மறைப்பு மூன்றும் இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், துப்பட்டா ஒருதரம் சக்கரத்தில் சிக்கினால் போதும்.

இப்போது என்ஜின். எல்லோரும் குதிரைசக்தியைக் கேட்கிறார்கள், நீங்கள் டார்க்கை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவிசையைக் கேளுங்கள். அதிலும் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது அந்த டார்க் வருகிறது என்று கேளுங்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-இன் 349 சிசி என்ஜினில் 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுற்றில். ஹோண்டா ஹைனெஸ் சிபி 350-இல் 30, அதுவும் 3,000 சுற்றிலேயே. வி-ஸ்ட்ராமில் 22.2 தான், அதற்கே 7,300 சுற்று வரை முறுக்கவேண்டும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு பக்கம் ஏறும்போது முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்கும் என்று வையுங்கள். இரண்டு பேரும் பையும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு தாண்டவேண்டும். கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் என்ஜின் என்றால் கியரைக்கூட மாற்றவேண்டாம். மேல்சுற்றில் இழுப்பது என்றால் இரண்டு கியர் குறைத்து, அலறவிட்டு, அந்த உதறலில் பின்னால் இருப்பவர் உங்கள் தோளை நசுக்குவார்.

வேகம்? நாற்கர சாலையில் பைக்குக்கு 80 கிலோமீட்டர்தான் வரம்பு. 350 வண்டிகள் அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓடும். உங்கள் தனிப் பயணத்துக்கும் இது போதும். சிபி 350, மீட்டியார் 350 இரண்டிலும் 15 லிட்டர் டேங்க். லிட்டருக்கு முப்பது கிடைத்தாலே 450 கிலோமீட்டர் ஆயிற்று.

நம் பக்கத்துக் காற்றை ஷோரூம்காரர் யாரும் சொல்லமாட்டார். பணகுடி தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இத்தனை காற்றாலை சும்மாவா நட்டிருக்கிறார்கள்? தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் அறையும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, பின்னால் பெரிய டாப் பாக்ஸும் முன்னால் உயரக் கண்ணாடியும் மாட்டிய வண்டி பறக்கப் பார்க்கும். பாக்ஸ் பின்அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன்சக்கரத்தின் பிடியும் குறைகிறது. சுமையைத் தாழ்வாக இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். ஆடி, ஆவணியில் அந்தப் பக்கம் விடியற்காலையிலேயே போய்விடுவது என் வழக்கம்.

சரி, பணம். 22 செப்டம்பர் 2025 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் 40 ஆனது. ஹிமாலயன் 450 எல்லாச் செலவும் சேர்த்து உங்கள் மூன்று லட்சத்தில் அடங்காது. டோமினார் 400, ட்ரையம்ப் ஸ்பீடு 400 எல்லாம் நல்ல ஓட்டம்தான், ஆனால் அவை ஓட்டுகிறவரின் வண்டிகள்.

மிஞ்சுவது இரண்டு. மீட்டியாருக்கு சீட் உயரம் 765 மில்லிமீட்டர், உங்கள் மனைவி சிரமமில்லாமல் ஏறுவார். சூப்பர்நோவா ரகம் என்றால் முதுகுச் சாய்மானம் கம்பெனியிலேயே வரும். குறை என்னவென்றால் உங்கள் கால் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், அடி முழுவதும் உங்கள் நடுமுதுகில் இறங்கும். மூணாறு போய்வந்தால் தெரியும். சிபி 350-க்கு சீட் 800, எடை 181 கிலோ, மீட்டியாரைவிடப் பத்துக் கிலோ குறைவு. உட்காரும் வாகு உங்களுக்கு நல்லது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்காமல் தடுப்பது) இருப்பதால் குற்றாலச் சாரலில் கொஞ்சம் தைரியம். வாங்குமுன் சர்வீஸ் எங்கே என்று கேட்டுவிடுங்கள். இடுப்புவலி என்று எழுதியதால் என் ஓட்டு மீட்டியாருக்கு. இரண்டில் எதுவானாலும் ட்யூப்லெஸ் டயரும் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் உள்ள ரகமாகப் பாருங்கள். நாங்குநேரி பக்கம் ராத்திரி பஞ்சர் ஆகி, வீட்டம்மாவை ரோட்டோரம் நிறுத்தி ட்யூப் கழற்ற முடியாது.

வாங்கியபின் ஒரு வேலை இருக்கிறது, பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை. இரட்டைப் பயணத்துக்கு முன் பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கின் முன்னழுத்தத்தை, ஸ்பேனரால் இரண்டு மூன்று படி ஏற்றுங்கள். பின் டயரில் வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் திட்டுவார். தனியாகப் போகும்போது எல்லாவற்றையும் பழையபடி இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டை வண்டி மாதிரி குதிக்கும்.

ஷோரூம் சோதனை ஓட்டம் என்பது வண்ணார்பேட்டையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவது. அதில் ஒன்றும் தெரியாது. இந்த வண்டி வைத்திருக்கும் தெரிந்தவர் யாரிடமாவது அரைநாள் கடன் வாங்கி, மனைவியை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் வரை போங்கள். கோயில் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு ஹெல்மெட்டும் வேண்டும். வீட்டு வாசலில் அவர் இறங்கும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள், இடுப்புக்கா, கதவுச் சாவிக்கா.