முட்டைக் கவிச்சிக்கு மசாலா தேவையில்லை, தீயைக் குறையுங்கள்

கேள்வி: என் மனைவி மீன் ஏலத்துக்காக விடியற்காலை மூன்று மணிக்கே துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவதால், ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் உள்ள எங்கள் பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவது என் பொறுப்பு. எனக்குச் செய்யத் தெரிந்தது பிரெட்டும் முட்டையும்தான். பிரெட்டை வாட்டிய கையோடு அதே தோசைக்கல்லில் முட்டையை ஊற்றுகிறேன், ஓரமெல்லாம் கருகிவிடுகிறது. பிரெட்டோ அதற்குள் நமுத்துப்போகிறது. சின்னவள் “கவிச்சி அடிக்குதுப்பா” என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். மிளகுத்தூளைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை.
– வாசகர் ஒருவர், காசிமேடு

பதில்: உங்கள் மகள் சொல்வது அடம் அல்ல, உண்மை. முட்டையின் வெள்ளைக் கருவில் கந்தகம் சேர்ந்த புரதங்கள் இருக்கின்றன. சூடு அளவுக்கு மீறும்போது அவை சிதைந்து, நாம் கவிச்சி என்று முகம் சுளிக்கும் அந்த வாடையை வெளிவிடுகின்றன. நெடுநேரம் அவித்த முட்டையை நறுக்கினால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் கலந்த பச்சை வளையம் ஒன்று தெரியுமே, அதுவும் இந்தக் கந்தகம் மஞ்சள் கருவிலுள்ள இரும்புச்சத்தோடு சேர்ந்து உண்டாவதுதான். ஆகவே மிளகுத்தூளை எவ்வளவு தூவினாலும் அந்த வாடை போகாது. தீயைத்தான் குறைக்க வேண்டும்.

முட்டையின் வெள்ளைக் கரு 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கி, 80 டிகிரியை எட்டும்போது முழுவதும் கெட்டியாகிவிடும். தண்ணீர் கொதிக்கும் அளவு சூடுகூட அதற்குத் தேவையில்லை. பிரெட் வாட்டிய தோசைக்கல்லோ அதைவிட மிக அதிகமான சூட்டில் இருக்கிறது. அதிலும் இரும்புக் கல்லாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். பிரெட்டை முதலில் வாட்டுவது சரிதான். ஆனால் வாட்டி எடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகு முட்டையை உடைத்து அடிக்கத் தொடங்குங்கள். இரண்டு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு, மிகப் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு. இவற்றைச் சேர்த்து அடித்து முடிக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கல்லின் சூடு ஓரளவு தணியும். ஒரு துளி முட்டையைக் கல்லில் விட்டுப் பாருங்கள். “சுர்” என்று சத்தமிட்டுப் பொரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஓசையில்லாமல் மெல்ல வெளுத்தால் அதுதான் பதம். அப்போது அரைக் கரண்டி எண்ணெயோ நெய்யோ தடவி, அடுப்பைச் சிம்மில் வைத்து முட்டையை ஊற்றுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தோசைத் திருப்பியால் தள்ளித் தள்ளிவிட்டால், மெத்தென்று திரண்டு வரும். நீர்ப்பதம் எங்கும் இல்லை என்று தெரிந்த மறுநொடியே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். கல்லிலேயே விட்டுவைத்தால் அணைத்த அடுப்பின் மேலும் அது வெந்துகொண்டே இருக்கும்.

பிரெட் நமுத்துப்போவதற்குக் காரணம் அதன் ஆவிதான். சூடான துண்டைத் தட்டில் படுக்கப்போட்டால் கிளம்பும் ஆவி அடிப்பக்கத்திலேயே தங்கிவிடும். கடலோரக் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் துண்டுகளைச் சாய்த்து நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் காற்றுப் பட்டு, முட்டை தயாராகும் வரை மொறுமொறுப்பாகவே இருக்கும். கடித்தால் சத்தம் கேட்கும் பிரெட்டைப் பிள்ளைகள் தாமாகவே இன்னொன்று கேட்பார்கள் என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைகளில் கிடைக்கும் கலக்கியும் ஆஃப்பாயிலும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் சரியாக வேகாத முட்டையில் சால்மோனெல்லா கிருமி உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், ஐந்து வயதுக் குழந்தைக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். மென்மையாக இருப்பது வேறு, வேகாமல் இருப்பது வேறு. முட்டை சாப்பிட்ட பின் உதடு வீங்கினாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ அது ஒவ்வாமை. மறுபடி கொடுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் பேரன் மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். மதியம் பள்ளியில் முட்டை போடுகிறார்கள். காலையிலும் பிரெட்டோடு முட்டை கொடுத்தால் உடம்புக்குச் சூடாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி ஒருவர், வியாசர்பாடி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், அம்மா. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. உங்கள் பேரன் வயதில் நாளொன்றுக்கு 23 கிராம் அளவுக்குப் புரதம் தேவைப்படுகிறது. இரண்டு முட்டை சேர்ந்தாலும் அதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரியின் பெயரில் நாம் தினமும் உச்சரிக்கும் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சிதான் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். முட்டை அதன் பின்னர் வந்து சேர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை கிடைக்கின்றன. பேரன் அங்கே வயிறாரச் சாப்பிடுகிறான் என்றால், வீட்டில் முட்டையை மாலைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

நான் கவலைப்படுவது முட்டையைப் பற்றி அல்ல, அதோடு கொடுக்கும் டீயைப் பற்றித்தான். நம் பகுதியில் பிரெட் என்றாலே டீயில் தொட்டுச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. டீயிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு துண்டு கொய்யாவையோ, நறுக்கிய தக்காளியையோ தட்டில் வையுங்கள். முட்டையில் வைட்டமின் சி இல்லை. அந்தக் குறையை இவை ஈடுசெய்யும், இரும்புச்சத்து சேரவும் உதவும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. முட்டை கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். புதிய முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். சற்றுப் பழையது அகன்ற முனையைத் தூக்கி நிற்கும். மிதந்தால் தூர எறிந்துவிடுங்கள். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெரிதாவதால் இப்படி நிகழ்கிறது. முட்டையை வாங்கி வந்ததும் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள இயற்கையான காப்புப் படலம் போய்விடும். சமைப்பதற்குச் சற்று முன்பு கழுவிக்கொண்டால் போதும். வெயில் காலத்தில் தட்டுக் கணக்கில் வாங்காமல், மூன்று நான்கு நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, அடுப்பிலிருந்து தள்ளி, நிழலான மூலையில் வையுங்கள்.